ஏழு ஊரா, இரண்டு ஊரா?

கேள்வி: எனக்கு 62 வயது. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இத்தாலிய ஓவியங்களைத் தபால்தலை அளவுப் படங்களாகக் காட்டியே பாடம் நடத்தி முடித்துவிட்டேன். இப்போது மகள் பயணச் செலவை ஏற்கிறாள். இரண்டு திட்டங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, 9 நாளில் மிலான், வெனிஸ், பதுவா, பொலோன்யா, ஃப்ளாரன்ஸ், சியனா, ரோம். இன்னொன்று, அதே 9 நாளும் ஃப்ளாரன்ஸும் சியனாவும் மட்டும். உள்ளூர் வழிகாட்டி, சந்தை, சமையல் வகுப்பு எல்லாம் உண்டு. நான் முட்டைகூடத் தொடாத சைவம். முழங்கால் வலியும் இருக்கிறது. 'அவ்வளவு தூரம் போய் ரோமைப் பார்க்காமலா வருவாய்?' என்கிறார்கள் உறவினர்கள். எதில் போகட்டும்? ஆகஸ்ட்டிலா, அக்டோபர் கடைசியிலா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி.

பதில்: அன்புள்ள டீச்சர், இரண்டாவது திட்டத்திலேயே போங்கள். அக்டோபர் கடைசியில் போங்கள். ரோம் எங்கும் போய்விடாது.

முதல் திட்டத்தில் பதுவாவுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே ஓவியர் ஜோத்தோ சுவர்களில் வரைந்த ஸ்க்ரொவேஞ்சி சிற்றாலயத்துக்குள் போக முன்பதிவு வேண்டும். முன்னறையில் கால் மணி நேரம் உட்கார வைத்து, காற்றின் ஈரத்தைச் சீராக்கிய பிறகே உள்ளே விடுவார்கள். பார்க்கக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே கால் மணிதான். அந்தச் சீட்டு கட்டணத்தில் சேராவிட்டால், பதுவா உங்களுக்குப் பேருந்து நிற்கிற இன்னொரு இடம், அவ்வளவுதான். நானே முதல் தடவை இப்படிப் பல ஊர்ச் சுற்றுலாவில் போய் ஏமாந்தவள். ஃப்ளாரன்ஸுக்கு ஒதுக்கியிருந்த ஒரே நாள் திங்கட்கிழமை. உஃபிசி ஓவியக்கூடத்துக்கும் அன்று விடுமுறை, மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவுக்கும் விடுமுறை. சதுக்கத்தில் நிற்கும் நகல் தாவீதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறினேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால் எந்தக் கிழமையில் எந்த ஊர் என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

வழிகாட்டி தேவையா என்றால், சில சுவர்களுக்கு முன்னால் கட்டாயம் தேவை. ஃப்ளாரன்ஸில் ஆர்னோ ஆற்றுக்கு அக்கரையில் பிரான்காச்சி சிற்றாலயம் இருக்கிறது. 1420களில் மசாச்சோ என்ற ஓவியர் அங்கே தீட்டிய வரிப்பண ஓவியத்தில் இயேசுவின் சீடரான பேதுரு ஒருவரே மூன்று தடவை வருவார். நடுவில், இயேசு கை நீட்டிச் சொல்வதைப் பேதுரு கேட்கிறார், இடது ஓரத்தில் மீனின் வாயிலிருந்து காசை எடுக்கிறார், வலது ஓரத்தில் அதை வரிக்காரனிடம் கொடுக்கிறார். ஒரே சட்டத்துக்குள் முழுக் கதை. சொல்லித் தர ஆள் இல்லாவிட்டால் கூட்டமாகச் சிலர் நிற்பதாக நினைத்து நகர்ந்துவிடுவோம். சான் மார்கோ மடத்துக்குப் போகும்போது மட்டும் வழிகாட்டியைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். படி ஏறித் தலை நிமிர்ந்தால் ஃப்ரா ஆஞ்சலிகோவின் மங்கள வார்த்தை ஓவியம் (இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளிடம் சொல்லும் காட்சி) நேர் எதிரே இருக்கும்.

ஆனால் இந்தப் பயணத்தின் உயிர் சியனாவில் இருக்கிறது என்பேன். நகர மாளிகையில் ஒன்பது பேர் கூடி ஆட்சி செய்த அறை உண்டு. 1338–39இல் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி அதன் சுவர்களில் நல்லாட்சியையும் கொடுங்கோலையும் வரைந்தார். நல்லாட்சிச் சுவரில் கடைகள் திறந்திருக்கின்றன, பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள், கதிரடிக்கிறார்கள், மூட்டை ஏற்றிய விலங்குகள் நகரவாசலை நோக்கி வருகின்றன. நல்ல ஆட்சி என்றால் ஊருக்குள் தானியம் வரும் என்று ஓவியர் சொல்கிறார். ஓவியமும் சாப்பாடும் சேர்ந்த சுற்றுலாவுக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் எனக்குத் தெரியாது. நீங்கள் போகும் நாளில் அறை திறந்திருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரையும் உங்களுக்கு இந்தப் பக்கம்தான் நல்லது. பொலோன்யாவின் புது பாஸ்தாவுக்கு மாவு பிசைவதே முட்டையில்தான். சியனாவின் கைத்திரி பாஸ்தாவான பீச்சி பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். சமையல் வகுப்பில் அதையே சொல்லித் தரக் கேளுங்கள். ரிபொல்லீத்தா என்ற சூப்பில் வெள்ளைப் பயறு, கருங்கீரை, பழைய ரொட்டி இருக்கும். 'மறுபடி கொதித்தது' என்று பொருள். நம் சுண்டக்குழம்பு மாதிரி மறுநாள்தான் ருசி. இறைச்சிச் சாறு, அதாவது 'ப்ரோதோ', சேர்த்தார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரொட்டியில் உப்பு இருக்காது, அந்த ஊர் வழக்கம் அது.

சீஸ் விஷயத்தில் கவனம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற சீஸில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். 'சைவ உணவு உண்டு' என்று விளம்பரத்தில் போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. 'சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ' என்றால் சீஸ் வேண்டாம், 'சென்ட்சா உவோவா' என்றால் முட்டை வேண்டாம். இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள்.

ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் தாங்காது. 15ஆம் தேதி விடுமுறையை ஒட்டிக் குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பல மூடிவிடும். அக்டோபர் கடைசியில் புது ஆலிவ் எண்ணெய் வர ஆரம்பிக்கும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். கஸ்தஞ்ஞாச்சோ என்று செஸ்ட்நட் மாவில் ஒரு பலகாரமும் அப்போது கிடைக்கும். வழக்கமான முறையில் அதில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை.

முழங்காலுக்கு: ஃப்ளாரன்ஸின் நடுப்பகுதி சமதளம். பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது, கீழிருந்தே பாருங்கள். சியனா முழுக்க மேடு பள்ளம், கல் பாவிய தெரு. தங்குமிடம் ஊரின் நடுவில் உள்ள காம்போ சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். அப்புறம், படம் வரைய ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கைப்பையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்தில் வரையலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். காம்போவில் யாரையும் கேட்க வேண்டாம். செங்கல் தரையிலேயே உட்கார்ந்து வரையலாம்.