உப்புவெளிச் சவக்காலையில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

உப்புவெளியில் இருக்கும், இரண்டாம் உலகப் போர்க்கால வெள்ளைக்காரப் படையினரின் சவக்காலையைப் பற்றி உருகி எழுதியிருந்தீர்கள். என் அம்மம்மாவின் தமையன் துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று வேலைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருக்கு எங்கே கல்? எங்கோ பிறந்தவர்களுக்காக நாங்கள் ஏன் மனம் கசிய வேண்டும்?

வாசகி ஒருவர், திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. கடிதத்தைப் படித்த பிறகு அங்கே மறுபடியும் போனேன். நிலாவெளி வீதியில் வாகனங்கள் இரைந்துகொண்டிருந்தன, உள்ளே சத்தமில்லை. ஒரு கல்லின் முன் குந்தி, மேலே செதுக்கியிருந்த நங்கூரத்தை விரலால் தடவினேன். கீழே பெயர், பதவி, இறந்த நாள், வயது. இருபது. என் மகனைவிட இளையவன்.

அதிகாரி என்றாலும் சாதாரண மாலுமி என்றாலும் ஒரே மாதிரிக் கல்தான். இந்தச் சவக்காலையைப் பராமரிக்கும், 1917இல் பிரிட்டனில் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் விதி அது. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் எட்டவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 116,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை என்பதை 2021இல் ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அப்படி விடுபட்டவர்களில் பலர் சுமை தூக்கியவர்கள். உங்கள் அம்மம்மாவின் தமையனைப் போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த நாள் 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலையில் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே இங்கிருந்து வெளியேறிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை, ஜப்பான்காரர் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். கப்பலில் விமானம் ஒன்றுகூட இல்லை. 307 பேர் போனார்கள். கப்பல் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை ஏது? ஆனாலும் இங்கிலாந்தில் கடற்படை நினைவுச் சுவர்களில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. உடல் கிடைக்காதவனுக்கும் பெயர் மிஞ்சியது. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதி வைத்ததால்தான்.

நம்மிடம் அந்த வேலை நடக்கவில்லை. அந்தக் காலையைப் பார்த்தவர்கள் இன்று தொண்ணூறு வயதைக் கடந்திருப்பார்கள். குண்டுச் சத்தம் கேட்டுக் காட்டுக்குள் ஓடிய கதையைச் சொல்லுவார்கள். செத்துப்போன கூலியாட்களின் பெயரைக் கேட்டால், 'ஆரோ ஒரு பெடியன்' என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை, கல் இல்லாததைவிட.

சரி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அம்மம்மாவின் தமையன் என்று இருக்கிறது, கூலி என்று இருக்கிறது, அவருடைய பெயர் இல்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்: பெயர், எந்த ஊர், அன்று என்ன வயது. இதே பக்கத்தில் போடுகிறேன்.