மகள் விண்வெளி நிலையத்தில் வேலை பார்ப்பேன் என்கிறாள்

அம்மா, பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் சேன்-ஆந்த்ரே ஊரிலிருந்து, உங்கள் மகள் விண்வெளி நிலையத்தில் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். செகோந்த் (பத்தாம் வகுப்பு) படிக்கிற பெண் இப்படி ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ரெயூனியன் பிள்ளைக்கு ஒரு வசதியும் உண்டு: பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் ஐரோப்பிய விண்வெளி முகமைக்கு நேராகவே விண்ணப்பிக்கலாம். பக்கத்துத் தீவு மொரீஷியஸ் பிள்ளைக்கு அந்த வாசல் கிடையாது.

ஆனால் போட்டி பயங்கரம். 2021-ல் ஆள் எடுத்தபோது 22,500-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2022-ல் தேறியவர்கள் 17 பேர், அதிலும் நிரந்தர வேலை ஐந்து பேருக்குத்தான். அந்த ஐவரில் ஒருவர் பிரான்சின் சோஃபி அதெனோ.

மேலே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் ஆறு மாதம். தூங்க டெலிபோன் பூத் அளவு அறை, சுவரில் கட்டிய தூக்கப்பை. எலும்பும் தசையும் தேயாமலிருக்க தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. அன்றைய வேலையெல்லாம் கணினித் திரையில் வரிசையாக இருக்கும். நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று அதன் மேல் நகர்ந்துகொண்டே போகும். கை கொஞ்சம் தாமதித்தாலும் கோடு முந்திவிடும். கழிப்பறை பழுதானால் அதையும் அவர்களேதான் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் குழாய் ஒழுகினால் இனி அவளையே கூப்பிடுங்கள், சிரிக்காமல்.

தீமிதி விரதத்தில் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டீர்கள். சாப்பாடு பாக்கெட்டில்தான்; காய்கறி, பருப்பு வகைகளும் அதில் உண்டு. அந்தக் கவலை அப்புறம்.

இப்போதைய நிலையத்துக்கு 2030 வாக்கில் ஓய்வு கொடுக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்க முதுகலைப் பட்டமும் மூன்று வருட அனுபவமும் கேட்கிறார்கள். இவள் அதை முடிக்கும்போது அந்த நிலையம் இருக்காது. அதனால் விண்வெளிக்குப் போகாவிட்டாலும் சோறு போடும் ஒரு தொழிலைப் படிக்கட்டும். பிரான்சின் துலூஸ் நகரில் பிரெஞ்சு விண்வெளி மையத்தின் கத்மோஸ் பிரிவு இருக்கிறது. நிலையத்தில் நடக்கும் பிரெஞ்சுப் பரிசோதனைகளைத் தயாரித்து, தரையிலிருந்து கவனிப்பது அங்குள்ளவர்கள்தான். பொறியாளர்களுக்கு அது நல்ல இடம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ப்ரெமியேருக்கு (பதினொன்றாம் வகுப்பு) கணிதமும் இயற்பியல்-வேதியியலும் கட்டாயம் எடுக்கட்டும், தெர்மினாலில் (பன்னிரண்டாம் வகுப்பு) இரண்டையும் விட வேண்டாம். பதினெட்டு வயதிலேயே தீவை விட்டு அனுப்ப மனசில்லை என்றால், தீவின் தலைநகர் சேன்-தெனியில் லெகோந்த் தெ லீல் லீசேயிலேயே (மேல்நிலைப் பள்ளி) ப்ரெப்பா வகுப்புகள், அதாவது பொறியியல் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார்படுத்தும் வகுப்புகள், இருக்கின்றன. துலூஸ் அதற்குப் பிறகு. ஆங்கிலத்தை மட்டும் இந்த வருடமே பிடிக்கச் சொல்லுங்கள்; அது வராமல் விண்ணப்பமே செல்லாது.