பெட்ரோலுக்குப் பங்கு கேட்பது எப்படி?

கேள்வி: சின்ன ஊர் ஒன்றில் அம்மாவுடன் இருக்கிறேன். வேலை 38 கிலோமீட்டர் தள்ளி, நகரத்தில். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டுமே என் வேலை நேரத்துக்கு ஒத்துவராது. அதனால் கார்தான். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தினமும் என்னோடு வருகிறார்கள். ஒருவர் என்னைவிட மூத்தவர், நல்ல சம்பளம். இன்னொருத்தி கடையில் வேலை பார்க்கும் சின்னப் பெண். இதுவரை யாரிடமும் காசு வாங்கியதில்லை. இப்போது மாதக் கடைசியில் டேங்க் முள்ளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. செலவைக் குறைக்க அம்மாவின் கண் செக்கப்பைக்கூட இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. விலை இறங்கும் வரை பொறுத்துக்கொள்வதா, நகரத்துக்கே குடிபோய்விடுவதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது மூன்றாவது: ‘கூட வருகிறவர்களிடம் காசு கேட்கலாமா?’ கேட்கலாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், விலை இறங்குமா என்பது. இறங்காது என்று சொல்லமாட்டேன். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே கிடந்தது. ஆனால் அங்கே விழுகிற வேகத்தில் பங்க்கில் விழுவதில்லை. நாம் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பங்குதான். மீதி வரி, சுத்திகரிப்பு, லாரிச் செலவு, விற்பவர் கமிஷன். போதாததற்கு, ஏற்றம் உடனே வந்து சேரும், இறக்கம் சாவகாசமாக வரும். பொருளாதாரக்காரர்கள் இதற்கு ‘ராக்கெட்டும் இறகும்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இறகு தரையைத் தொடும் வரை உங்கள் சம்பளம் தாங்காது.

‘நான் மட்டும்தான் சமாளிக்கத் தெரியாமல் திணறுகிறேனோ’ என்ற தொனி கடிதத்தில் தெரிகிறது. அப்படியில்லை. வீட்டு வாசலில் பஸ்ஸும் ரயிலும் உள்ளவருக்கு விலை ஏறினால் காரை வீட்டில் விடலாம். சின்ன ஊர்க்காரருக்கு அந்த வழி கிடையாது. 2018 நவம்பரில் பிரான்ஸில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலைச் சந்திப்புகளை மறித்தவர்களில் பலர், காரில்லாமல் வேலைக்குப் போக முடியாத சிற்றூர்க்காரர்கள். அந்தச் சட்டை எல்லார் காரிலும் சட்டப்படி கட்டாயம் இருக்கவேண்டிய ஒன்று. எடுத்து மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். டிசம்பரில் அரசு அடுத்த ஆண்டுக்கான உயர்வைக் கைவிட்டது. உங்களை மறியலுக்குப் போகச் சொல்லவில்லை. இது உங்கள் நிர்வாகக் குறை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, கணக்குக்கு வருவோம். போக வர 76 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 16 கொடுக்கிறது என்று வையுங்கள். மாதம் 24 வேலை நாள். மொத்தம் 114 லிட்டர். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 38. உங்களையும் சேர்த்துத்தான் மூன்று. காரில் போகிற மூன்று பேரில் ஒருவர் மட்டும் 114 லிட்டரையும் சுமக்கிறார். அதுதான் உங்கள் பயத்துக்குக் காரணம்.

பங்கைப் பணமாகச் சொல்லாதீர்கள், லிட்டராகச் சொல்லுங்கள். ‘ஆளுக்கு மாதம் 38 லிட்டர், முதல் தேதி விலைப்படி’ என்று ஒரு தடவை பேசி முடித்துவிட்டால், விலை ஏறும்போதெல்லாம் புதிதாக வாய் திறக்க வேண்டியதில்லை. இறங்கினால் அவர்களுக்கும் லாபம். உங்கள் மைலேஜைப் போட்டு, சரியான எண்ணை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது? வண்டி ஓட்டும்போது வேண்டாம். பெட்ரோல் விலையைப் பற்றிப் புலம்பி, அவர்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று காத்திருப்பதும் வேண்டாம். மாதம் பிறக்க நாலைந்து நாள் முன்பு, இறங்கி நிற்கும்போது, “அக்கா, அடுத்த மாசத்திலிருந்து பெட்ரோலை மூணாப் பிரிச்சுக்கலாமா? ஆளுக்கு 38 லிட்டர் வருது” என்றால் போதும். மன்னிப்புக் கேட்காதீர்கள், விளக்கமும் நீட்டாதீர்கள். நானும் ஒரு காலத்தில் ஒருவர் காரில் ஓசியில் போய்வந்தவன்தான். அவர் கேட்கமாட்டாரா என்று நான் தவித்த தவிப்பு அவருக்குத் தெரியாது. நானாகக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். கடைசியில் அவர் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அந்தச் சின்னப் பெண்ணிடம் பாதி வாங்கினால் போதும் என்று தோன்றினால், அப்படியே செய்யுங்கள். ஆனால் மிச்சத்தை மூத்தவர் தலையில் கட்டாதீர்கள். தாராளம் உங்களுடையது என்றால் செலவும் உங்களுடையதுதான்.

இன்னொன்று. எரிபொருள் செலவுக்கு மேல் ஒரு காசும் வாங்காதீர்கள். செலவைப் பகிர்வது வேறு, வாடகைக்கு ஆள் ஏற்றுவது வேறு. பல நாடுகளில் சட்டமும் இன்சூரன்ஸும் இந்த இரண்டையும் வேறுவேறாகத்தான் பார்க்கின்றன. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டே ஆரம்பியுங்கள்.

குடிபோவதை இப்போது முடிவு செய்யாதீர்கள். இன்றைக்கு 114 லிட்டரோடு நகர வாடகையை ஒப்பிட்டால், போகலாம் என்றே தோன்றும். 38 லிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் பங்கு வாங்கிப் பார்த்துவிட்டு, அப்போதும் முடியவில்லை என்றால் பேசலாம். மற்றபடி பெட்ரோலை மிச்சம் பிடிக்க டயர் காற்று, எதற்கும் பயன்படாமல் டிக்கியில் கிடக்கும் பாரம், நெடுஞ்சாலையில் மிதிக்கிற வேகம் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்று மட்டும்: என்ஜின் சூடேறாமல் ஓடும் குட்டிக் குட்டி ஓட்டங்கள் பெட்ரோலை நிறையக் குடிக்கும். கடைக்கு, போஸ்ட் ஆபீசுக்கு என்று தனித்தனியாக எடுக்காமல் வேலை முடிந்து திரும்பும் வழியிலேயே முடித்துவிடுங்கள்.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. கடிதம் முழுவதிலும் என்னை உறுத்தியது அதுதான்: அம்மாவின் கண் செக்கப். விலை ஏறும்போது வேலைக்குப் போவதை யாரும் நிறுத்துவதில்லை. சம்பளம் தராத பயணங்களைத்தான் வெட்டுகிறோம்: ஆஸ்பத்திரி, உறவினர் வீடு, பழைய சிநேகிதி. அம்மாவுக்கு எதற்காகச் செக்கப் என்று நீங்கள் எழுதவில்லை. கண் அழுத்த நோயாக இருந்தால், அதில் போன பார்வை திரும்பாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியும் இருக்காது. அதனால் அம்மாவும் ‘நல்லாத்தான் இருக்கேன், அப்புறம் போகலாம்’ என்பார். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

அதற்கென்று தனியாக ஒரு நாள் வண்டி எடுக்கவும் வேண்டாம். எப்படியும் தினமும் அந்த நகரத்துக்குத்தானே போகிறீர்கள்? காலை முதல் அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டால் போதும். பங்கு விஷயம் பேசும்போதே, அந்த ஒரு நாள் முன் சீட் அம்மாவுக்கு என்றும் சொல்லிவிடுங்கள்.