பழைய காரின் பின் சீட்டுக்கு பெல்ட் மாட்டலாமா?

கேள்வி: 1970களில் தயாரான கார் ஒன்று வாங்கினேன். பின் சீட்டில் பெல்ட்டே இல்லை. வேறு வண்டியில் இருந்து கழற்றிய பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி மாட்டலாமா? பெல்ட் இல்லாவிட்டால் பரிசோதனையில் தேறாதா?

பதில்: பரிசோதனையை முதலில் பார்த்துவிடலாம். தயாரான காலத்தில் பின் பெல்ட் கட்டாயமாக இல்லாத வண்டியை, அது இல்லை என்பதற்காகப் பல நாடுகளில் தள்ளிவிடுவதில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாட்டிய பெல்ட்டையும் சோதிப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: நாடா பிய்ந்திருக்கிறதா, பக்கிள் பிடிக்கிறதா, போல்ட்டைச் சுற்றித் துரு இருக்கிறதா என்று.

அப்புறம் மாட்டும் கதை. பெல்ட்டை விட அது பிடிக்கும் இரும்புதான் முக்கியம். 70 கிலோ ஆள், 50 கிமீ வேகத்தில் மோதி அரை மீட்டருக்குள் நின்றால் பெல்ட்டில் ஏறும் இழுப்பு கிட்டத்தட்ட 1,400 கிலோ. வெறும் தரைத் தகட்டில் துளை போட்டு, சின்ன வாஷர் வைத்து முடுக்கினால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் முதலில் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பெல்ட் விற்காத காலத்திலேயே பல நிறுவனங்கள் மரை போட்ட துளைகளை விட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருக்கும். பெரும்பாலும் 7/16 அங்குல மரை. இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பின்னால் கனமான தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அதுவும் பாடி வேலை தெரிந்தவர் கையால், துருவில்லாத இரும்பில் மட்டும்.

கழற்றிய பெல்ட் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும். விபத்தில் ஒருமுறை இழுபட்ட நாடா பார்க்க நன்றாகவே இருக்கும், கடைக்காரருக்கே அதன் பூர்வீகம் தெரியாது. புதிதாக வாங்கும்போது தர முத்திரை பாருங்கள். தானாகச் சுருளும் ரீல் என்றால் எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்று கேளுங்கள், சில ரீல்கள் கோணம் மாறினால் பூட்டாது, அல்லது சும்மாவே பூட்டிக்கொள்ளும்.

தோளுக்கு இடமில்லை, இடுப்புப் பட்டை மட்டும்தான் முடியும் என்றால்? ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் மோதலில் உடம்பு முன்னால் மடங்கி வயிறும் முதுகெலும்பும் அடி வாங்கும், பட்டையை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் தாழ்த்திப் போடச் சொல்லுங்கள். உயரம் கூட்டும் குழந்தை சீட்டுக்கு அது போதாது, தோள் பட்டையும் வேண்டும்.