கைக்குழந்தைகள் இருவர்

அன்புள்ள ஐயா,
ரோமானிய அரசி இளைய ஃபௌஸ்தினாவின் வெண்கலக் காசு ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். படம் இணைத்துள்ளேன். பச்சை பிடித்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா? அரசிகளுக்குக் காசு அடித்த ரோமில் பெண்களின் நிலை உயர்வாக இருந்தது என்று கொள்ளலாமா?
ர.

அன்புள்ள ர.,

புளியைத் தொடாதீர்கள்! குத்துவிளக்கா அது? அந்தப் பச்சை 1,800 ஆண்டுகளில் உலோகத்தின் மேல் வளர்ந்த தோல். அதை உரித்தால் முகமும் கூடவே போகும். நல்ல காசுகளை இப்படித் தேய்த்தே நாசமாக்கியவர்களைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அப்புறம், உங்களுடையது செஸ்டர்ஷியஸ் என்னும் ரோமானியக் காசு வகை. அது வெண்கலம் இல்லை, பித்தளை.

பெண்களின் நிலையைக் காசை வைத்து முடிவுசெய்ய முடியாது. அதை விடுங்கள்.

எல்லோரும் ஃபௌஸ்தினாவின் கொண்டையைத்தான் ரசிக்கிறார்கள். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள். இரு கைகளிலும் குழந்தைகளோடு ஒரு பெண் நிற்கிறாள். காலடியில் இன்னும் நான்கு பேர். சுற்றிலும் 'தெம்போர் ஃபெலிக்', நல்ல காலம் என்று பொருள். கைக்குழந்தைகள் கி.பி. 161 ஆகஸ்டில் பிறந்த இரட்டையர் என்பது பெரும்பாலோர் கருத்து. ஒருவன் கொம்மோடஸ், பின்னாளில் பேரரசன் ஆனவன். இன்னொருவன் அன்டோனினஸ், நான்கு வயதில் இறந்துபோனான். ஃபௌஸ்தினா பெற்றது பன்னிரண்டுக்கும் மேல். அத்தனை ஆண்பிள்ளைகளில் தந்தை, பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸுக்குப் பிறகு எஞ்சியவன் கொம்மோடஸ் மட்டுமே. பிறப்பைக் கொண்டாடக் காசு அடித்துக்கொண்டே இருந்தார்கள். செத்த பிள்ளைகளுக்காக அந்தத் தாய் அழுவதுபோல் ஒரு காசும் நான் கண்டதில்லை.

என் அப்பாயி எட்டுப் பெற்றவர். மூன்று பேர்தான் தங்கினோம் என்று என் அப்பா சொல்வார். குடிக்கணக்கு எடுக்க வந்தவர் பிள்ளைகள் மூன்று என்று எழுதப்போனார். அப்பாயி விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே விரல் மடக்கி எட்டுப் பெயரையும் சொன்னார், பெயர் வைக்கும் முன்பே போன ஒன்றை 'சின்னது' என்று. "எட்டுன்னு எழுதுப்பா." அவர் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தார். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது, பக்கத்தில்தான் நின்றேன்.

சரி, உங்கள் காசை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அன்டோனினஸ் எந்தக் கையில் இருக்கிறான் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.