கத்தியா, கதிரா? அதற்கு முன் ஒரு எக்ஸ்-ரேயும் ஒரு மாத்திரை அட்டையும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் கிராமம். அப்பாவுக்கு 68 வயது, தக்காளி விவசாயம். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீர் தடையில்லாமல் போக இரண்டு ஆண்டுகளாக இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். புராஸ்டேட் சுரப்பிக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 11.8 வந்தது. புராஸ்டேட்டில் ஊசி குத்தி எடுத்த பயாப்ஸியில் 12 துண்டுகளில் 4-இல் புற்றுநோய், கிளீசன் மதிப்பெண் 3+4=7. சேலத்தில் ஒரு டாக்டர் அறுவை சிகிச்சை என்கிறார். பெங்களூரில் இன்னொருவர் கதிர்வீச்சு போதும் என்கிறார். இதற்கிடையே முதுகுவலிக்கு எடுத்த எக்ஸ்-ரேயில் ‘எலும்புகள் வெளுத்துள்ளன, பரவியிருக்கலாம்’ என்று எழுதிவிட்டார்கள். அப்பாவிடம் ‘நீர்க்கட்டி’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். எதைச் செய்வது, எவ்வளவு சீக்கிரம்?

பதில்: சீக்கிரம் என்ற பேச்சை முதலில் எடுத்துவிடுவோம். கிளீசன் 3+4 என்றால் எடுத்த துண்டுகளில் மிதமான வகைச் செல்களே அதிகம், முரட்டு வகை குறைவு என்று பொருள். நடுத்தர வேகத்தில் வளரும் நோய் இது. நீங்கள் ஒரு மாதம் யோசிப்பதால் கைமீறிப் போய்விடாது. பயாப்ஸி ஊசி குத்திய இடத்தில் வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்கவே ஆறு வாரம் ஆகும். அறுவை செய்பவர்களும் பெரும்பாலும் அதுவரை பொறுத்துத்தான் கத்தியை எடுப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது ஊர்ப் பெயர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்கள் அப்பா குடித்தது என்ன தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர், பிறகு போர்வெல் தண்ணீர் என்றால், அந்த எக்ஸ்-ரேயை நான் அவசரப்பட்டு நம்ப மாட்டேன். புளோரைடு ஆண்டுக்கணக்கில் படிந்தால் எலும்பு அடர்ந்துபோகும். அடர்ந்த எலும்பு எக்ஸ்-ரேயில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுப்பாகத் தெரியும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் பெரும்பாலும் இதே வெளுப்புத்தான். வெளியூரில் இருந்துகொண்டு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு நோயாளி எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்பது தெரியாது.

அப்பாவின் பல்லைப் பாருங்கள். சிறு வயதிலிருந்தே பழுப்புப் பட்டை இருக்கிறதா? யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்புகிறாரா, உடம்போடு சேர்ந்து திரும்புகிறாரா? முன்கைக்கு ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வில் முள் முள்ளாகச் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால், வெளுப்புக்குப் புளோரைடு காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதோடு விட்டுவிடவும் கூடாது, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். சாதாரண எலும்பு ஸ்கேனிலும் புளோரைடு பாதித்த எலும்பு பளிச்சென்று ஒளிரும், குழப்பம் தீராது. முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. அல்லது புராஸ்டேட் புற்றுச் செல்களைத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்து, இந்த ஊர்க் கதையையும் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள்.

பரவியது உறுதியானால் கத்தியா கதிரா என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விடும். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியோ, விதைகளை எடுத்துவிடும் சிறிய அறுவையோ முதலில் வரும், கூடவே மாத்திரைகளும். 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் காட்டிய வழி இது. அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் அடித்தளம் அதுதான்.

அடுத்தது அந்த இரவு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் கவலை இல்லை. சுரப்பியைச் சுருக்கும் டூட்டாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு கலந்திருந்தால் பி.எஸ்.ஏ. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் அதைச் சாப்பிட்டவருக்குப் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் காட்டும். அப்படியானால் உங்கள் 11.8-ஐ 23 அல்லது 24 என்று படிக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் நோய் நடுத்தர அபாயத்திலிருந்து அதிக அபாயத்துக்குப் போய்விடும். கதிர்வீச்சோடு ஆறு மாதம் கொடுக்க வேண்டிய ஹார்மோன் ஊசி, ஒன்றரை முதல் மூன்று ஆண்டு வரை நீளும். இரண்டு டாக்டர்களிடமும் இந்த மாத்திரையைச் சொன்னீர்களா? ‘அது சாதாரண மாத்திரைதானே’ என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தால், இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரிதான். பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் 100-க்கு 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு உங்கள் அப்பாவைவிட லேசான நோய், ஆகவே எண்ணை அப்படியே ஒட்டவைக்க முடியாது. கண்காணிப்புப் பிரிவில் பரவல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. அதனால் ‘சும்மா விட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் கத்தியா கதிரா என்பதில் ஆயுள் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது அதற்குப் பிறகு வரும் தொல்லை.

அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசிவு. அந்த ஆய்விலேயே பத்து ஆண்டு கழித்தும் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவர் பேட் வைத்துக்கொண்டிருந்தார். கதிர்வீச்சில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் மலக்கசிவு அங்கே அதிகம், 12 ஆண்டில் 100-க்கு 12 பேர். தாம்பத்தியம் இரண்டிலும் பாதிக்கப்படும், அறுவையில் உடனே, கதிர்வீச்சில் மெதுவாக. பத்து ஆண்டுச் சர்க்கரையால் அது முன்பே குறைந்திருக்கலாம். அதை மகன் கேட்க முடியாது, டாக்டர் தனியாகக் கேட்க வேண்டும். ரோபோ அறுவை என்றால் கசிவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரோபோவைவிட அதை இயக்குபவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதைக் கேளுங்கள். ஹார்மோன் ஊசி சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று, போய்வரும் செலவும் சிரமமும். கதிர்வீச்சு என்றால் இப்போது பல இடங்களில் 20 நாள், வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு வாரம். மேசையில் படுத்திருப்பது சிறிது நேரம்தான், ஆனால் ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து இதைச் செய்ய முடியாது, அங்கேயே அறை எடுக்க வேண்டும். அறுவை என்றால் சில நாள் படுக்கை, ஒரு வாரமோ பத்து நாளோ சிறுநீர்க் குழாய், சில வாரத்துக்குக் கூடை தூக்கக் கூடாது. தக்காளி பறிப்பு எந்த மாதம் என்று பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டியிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கலெக்டர் அலுவலகத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறார்கள். நீங்கள் போகும் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்பதை அட்மிஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர்க்கட்டி விஷயத்துக்கு வருகிறேன். காவேரிப்பட்டினம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவரை அவர் மகன்கள் இப்படித்தான் கூட்டிவந்தார்கள். ‘கல் என்று சொல்லியிருக்கிறோம் சார், காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்’ என்று வாசலிலேயே காதில் சொன்னார்கள். பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்து, மேல்துண்டை மடியில் மடித்து வைத்துவிட்டு, ‘அடையாறுக்குப் போக வேண்டுமா, இங்கேயே பார்த்துவிடலாமா?’ என்று கேட்டார். அடையாறு என்றால் என்ன ஆஸ்பத்திரி என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பிறகு அவரே சொன்னார்: ‘மண்டியில் நாலு பேர் நடுவில் வேட்டி நனைந்தால் நான் வெளியே வர மாட்டேன்.’ அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் வேலை பாதி முடிந்தது. கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். உங்கள் அப்பா வேறு மாதிரி சொல்லலாம். ‘உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது, எடுத்துப் போட்டுவிடுங்கள்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறுவைதான் நிம்மதி.

அடுத்த முறை போகும்போது எக்ஸ்-ரே, பயாப்ஸி ரிப்போர்ட், அந்த மாத்திரை அட்டை மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். டாக்டருக்கு நேர் எதிர் நாற்காலியில் அப்பா உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.