ஓடைய சுத்தம் பண்ணணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி ஓடுற ஓடை பிளாஸ்டிக்கும் சாக்கடையுமா கெடக்கு. போன வருஷம் பசங்களும் ஊர்க்காரங்களும் சேர்ந்து அள்ளினோம், அடுத்த மழைக்கே பழையபடி ஆயிடுச்சு. இந்த தடவை உருப்படியா என்ன பண்ணலாம்?
- ஒரு ஆசிரியை, பொள்ளாச்சி

பதில்: டீச்சர், குப்பை அள்றத இந்த தடவை கடைசிக்குத் தள்ளுங்க. பெரிய கிளாஸ் பசங்க கொஞ்ச பேரையும், ஓடையோட பழைய போக்கு தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு தண்ணி வர்ற பக்கமா கரையோரமாவே நடங்க, எங்க சாக்கடைக் குழாய் வந்து விழுது, எங்க வண்டியில கொண்டாந்து கொட்டுறாங்கன்னு ஒவ்வொண்ணையும் போன்ல லொகேஷனோட போட்டோ எடுத்து பசங்களையே மேப் போட வைங்க. அத மனுவோட சேர்த்து ஊராட்சி ஆபீஸ்ல குடுங்க, கிராமசபையிலயும் பேசுங்க. ஓடைப் புறம்போக்கு அரசு நெலம், எழுத்துல அனுமதி வாங்காம கரையில கை வைக்க வேணாம்.

அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டிக்குள்ள ஓடுற ஸ்ட்ராபெர்ரி க்ரீக்கும் ஒரு காலத்துல கழிவுநீர் கலந்து நாறிக் கெடந்ததுதான். 1987ல திட்டம் போட்டு எறங்கினவங்க எங்கெங்க கழிவுநீர்க் குழாய் ஓடையில கலக்குதுன்னு தேடிப் புடிச்சு சரி பண்ணாங்க, கரை அரிப்பையும் தடுத்தாங்க, 1989லயே அந்த மண்ணோட மீனத் திரும்பக் கொண்டாந்து விட முடிஞ்சுது. அங்க களை புடுங்கி உள்ளூர் செடி நடுறதுல ஸ்டூடண்ட்ஸ் பங்கு ரொம்பப் பெருசு.

தண்ணி தேறுதான்னு பாக்க லேப் எல்லாம் வேணாம், ஓரளவு தெளிஞ்ச எடத்துல கிளவுஸ் போட்டுக்கிட்டு ஒரு கல்லப் புரட்டச் சொல்லுங்க. அடியில தட்டையா, வால்ல மூணு நூல் மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு குட்டிப் பூச்சி ஒட்டிக்கிட்டிருந்தா பெரும்பாலும் நல்ல சேதி, சேத்துல செவப்புப் புழு மட்டுமே நெளிஞ்சா சாக்கடை இன்னும் வந்துக்கிட்டிருக்குன்னு சந்தேகப்படலாம். மாசத்துக்கு ஒரு தடவை ஒரே எடத்துல பாத்து நோட்ல எழுதினா, அடுத்த மனுவுக்கு அதுவே ஆதாரம்.

ஜேசிபி விட்டு கரைய வழிச்சுத் தர்றோம்னு யாராவது வந்தா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க! கோரையும் நாணலும்தான் மண்ணப் புடிச்சு வச்சிருக்கு. சீமைக் கருவேலத்த மட்டும் வேரோட எடுத்துட்டு நொச்சி, புங்கன், நீர்மருது நடுங்க, வடகிழக்குப் பருவமழை நெருங்குறப்போ நட்டா தண்ணி ஊத்துற வேலை கொறையும்.

அள்ற அன்னிக்கு கம்பூட்ஸ், தடிமனான கிளவுஸ் கட்டாயம். கால்ல சின்ன கீறல் இருக்குற புள்ளையக்கூட தண்ணியில எறக்காதீங்க, எலிக்காய்ச்சல் அந்த வழியா வரலாம். ஊசி, மருந்து பாட்டில் கண்ணுல பட்டா பசங்க தொடவே கூடாது. பின்னால யாருக்காவது காய்ச்சல் வந்தா, ஓடையில எறங்கினத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லச் சொல்லுங்க.